எட்டு மைக்ரான் தண்ணீர்: உயிருள்ள செல்லை அகச்சிவப்பில் அளக்க ஒரு சிப் செய்த கதை

மருந்து கலந்த ஊடகத்தைச் செலுத்திய பிறகு மூன்று மணி நேரம் செல்லுக்குள் புரதம் ஏறிக்கொண்டே போனது. 1650 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அருகில் புரதம் அகச்சிவப்பை உறிஞ்சுவதால் வரும் அமைடு 1 பட்டை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த ஒவ்வொரு நிறமாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கோடு வழவழப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது. குழுவில் ஒருவர் கட்டுரைக்குப் படம் வரையவே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. 1545-இல் வரும் அமைடு 2 பட்டை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு பட்டைகளும் புரதத்தைக் கோக்கும் ஒரே பெப்டைடு பிணைப்பின் அதிர்வுகள். புரதம் கூடினால் இரண்டும் சேர்ந்துதான் கூடவேண்டும். ஒன்று மட்டும் தனியாக ஏறுகிறது என்றால் அங்கே ஏறுவது வேறு ஏதோ.

அந்த ஏதோ என்ன, அதைக் கண்டுபிடித்த பிறகு, செல்லையும் நீரையும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளியில் வைக்கும் சிப்பை எப்படி மாற்றிக் கட்டினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில மாதங்கள் மிச்சமாகலாம்.

ஏன் காயவைக்கவில்லை

செல்லை ஆல்கஹாலிலோ ஃபார்மலினிலோ நிலைப்படுத்தி, காயவைத்து அளந்தால் வேலை சுலபம். தண்ணீர்த் தொல்லை கிடையாது, ஒரே மாதிரியை ஒரு வாரம் வைத்துக்கொண்டு நிதானமாக அளக்கலாம். ஆனால் காய்ந்த செல் காட்டும் வேதியியல் உயிருள்ள செல்லின் வேதியியல் அல்ல. இதற்கு நல்ல சான்று டி.என்.ஏ. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2011-இல் காட்டியது இது: ஈரமுள்ள செல்லில் டி.என்.ஏ. பி வடிவில் இருக்கிறது, பாஸ்பேட் பட்டை 1225 அருகே வருகிறது. செல் காய்ந்தால் ஏ வடிவத்துக்கு மாறி அந்தப் பட்டை 1240 பக்கம் நகர்கிறது. மறுபடி நனைத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. வருடக்கணக்காகக் காய்ந்த செல்லில் டி.என்.ஏ. சரியாகத் தெரியவில்லை என்று பலர் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று சிதறல். காற்றில் கிடக்கும் காய்ந்த செல், தன் அளவுக்கு ஒத்த அலைநீள ஒளியைச் சிதறடித்து அமைடு 1 பட்டையின் ஓரத்தை வளைத்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும் செல்லுக்கும் சுற்றியுள்ள நீருக்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இந்தக் கோளாறு வெகுவாகக் குறைகிறது. தண்ணீர் தரும் ஒரே சலுகை இதுதான்.

தண்ணீர்க் கணக்கு

நீர் மூலக்கூறு வளைந்தாடும் அதிர்வு 1645 செ.மீ⁻¹ அருகே வருகிறது. அமைடு 1 வரும் இடமும் அதேதான். அங்கே நீரின் உறிஞ்சளவு ஒரு மைக்ரான் தடிமனுக்கு ஏறத்தாழ 0.117. உறிஞ்சளவு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி கடக்கும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு. 8 மைக்ரான் நீரில் உறிஞ்சளவு 0.93 வருகிறது, அதாவது சுமார் 12 விழுக்காடு ஒளி தப்பிக்கிறது. 12 மைக்ரானில் 4 விழுக்காடு. நுண்பாய்மச் சிப்புகளில் சாதாரணமாக வைக்கும் 100 மைக்ரான் கால்வாயில் ஒன்றுமே மிஞ்சாது. 3400 பக்கம் வரும் நீட்சிப் பட்டை இன்னும் மோசம். ஒரு மைக்ரானுக்கே அரை அலகைத் தாண்டும்.

அதனால் இடைவெளி பத்து மைக்ரானுக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். நாங்களும் அதைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். எட்டு மைக்ரான் என்று முடிவுசெய்து, எட்டு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஆனால் இடைவெளி எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதுதான் இந்த அளவீட்டைத் தீர்மானிக்கிறது.

தட்டையாகப் பரவி ஒட்டியிருக்கும் செல்லின் தடிமன் மூன்று மைக்ரான் அளவு. அதன் அமைடு 1 உறிஞ்சளவு சுமார் 0.1. கூடவே அந்த இடத்தில் 0.93 அளவுக்குத் தண்ணீர். இடைவெளி ஒரு விழுக்காடு மாறினால், அதாவது வெறும் 80 நானோமீட்டர், தண்ணீரின் உறிஞ்சளவு 0.009 மாறும். செல்லின் புரதம் பத்து விழுக்காடு கூடியதுபோல் அது தெரியும். மருந்துக்கு ஒரு செல் காட்டும் மாற்றம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இடம்பெயர்ந்த நீரும் ஒரு சிக்கல். செல்லின் எடையில் எழுபது, எழுபத்தைந்து விழுக்காடு நீர். மீதி உள்ள திடப்பொருள் தன் அளவுக்கு நீரை வெளியே தள்ளியிருக்கிறது. மூன்று மைக்ரான் செல்லில் அது முக்கால் மைக்ரான் நீர், உறிஞ்சளவில் 0.09. பக்கத்திலுள்ள வெற்று ஊடகத்தைப் பின்னணியாக எடுத்து அப்படியே கழித்தால் இருக்க வேண்டியதைவிட அதிக நீரைக் கழிக்கிறோம். அமைடு 1 கிட்டத்தட்ட காணாமல் போய், அமைடு 2 மட்டும் தனியே நிற்கும். முதன்முதலாக இதைப் பார்க்கிறவர்கள் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

இதைச் சரிசெய்ய 2125 செ.மீ⁻¹-இல் நீருக்கு மட்டுமே உரிய ஒரு மெலிந்த பட்டை உதவுகிறது. செல்லின் வேறெந்தப் பொருளும் அங்கே குறிப்பிடத்தக்க அளவு உறிஞ்சுவதில்லை. அந்தப் பட்டை சுழியாகும் வரை பின்னணியின் எடையைக் குறைத்துக் கழித்தால் 1645-இலும் நீர் ஏறத்தாழ சரியாகக் கழியும். ஆனால் 2125 பட்டை, 1645 பட்டையைவிட ஆறு மடங்குக்கு மேல் மெலிந்தது. அங்கே வரும் சிறு இரைச்சல் இங்கே ஆறு மடங்கு பெருகும். எங்கள் முதல் சுற்றில் இந்தத் திருத்தத்தைத் தொடக்க நிறமாலையில் ஒருமுறை கணக்கிட்டு, அதே எண்ணை மூன்று மணி நேரத்துக்கும் பயன்படுத்தினோம். நேரம் மிச்சம் என்று நினைத்தோம்!

முதல் சிப்

ஜன்னல் எதில் செய்வது என்பதில் அதிக யோசனை தேவைப்படவில்லை. கண்ணாடி நான்கு மைக்ரான் அலைநீளத்துக்கு அப்பால் இருட்டு. பி.டி.எம்.எஸ். சிலிகோனுக்கு 1000 முதல் 1100 வரையும் 1260-இலும் தனக்கே பலத்த பட்டைகள். சிலிக்கான் அகச்சிவப்பைக் கடத்தும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும், தண்ணீரோடு சேரும் இடத்தில் இருபது விழுக்காடு அளவுக்குப் பிரதிபலித்து நிறமாலை முழுக்க அலை அலையாகக் குறுக்கீட்டு வரிகளைக் கொண்டுவரும். பேரியம் ஃப்ளூரைடு அகச்சிவப்பில் இன்னும் கொஞ்ச தூரம் போகும், ஆனால் நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் கரைகிறது. செல் ஊடகத்தில் இருக்கும் சல்ஃபேட்டுடன் அது சேர்ந்தால் வெள்ளையாக மூட்டம் போடும். தவிர, பேரியம் செல்லின் பொட்டாசியம் வாயில்களை அடைக்கும். மிஞ்சுவது கால்சியம் ஃப்ளூரைடு. கரைதிறன் லிட்டருக்கு 16 மில்லிகிராம்தான், ஊடகத்தில் ஏற்கெனவே கால்சியம் இருப்பதால் அதைவிடவும் குறைவாகவே கரையும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, ஒளிவிலகல் எண்ணும் நீரை ஒட்டியே இருக்கிறது. 1000 செ.மீ⁻¹-க்குக் கீழே பார்க்க முடியாது என்பது மட்டும்தான் குறை. பாஸ்பேட்டின் 1085 பட்டை தப்பிவிடுவதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

செல் ஒட்டியிருக்கும் படிகத்துக்குள் ஒளியைப் பிரதிபலிக்கவிட்டு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் ஏ.டி.ஆர். முறையில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அதில் ஒளி செல்லுக்குள் ஒரு மைக்ரான் அளவுதான் நுழையும். மேலே எவ்வளவு நீர் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் செல் தரையோடு ஒட்டிய பகுதிதான் தெரியும், உட்கரு பெரும்பாலும் எட்டாது. எங்கள் கேள்வி உட்கருவைப் பற்றியது.

சரி, முதல் சிப்பின் அமைப்பு இதுதான்: 25 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள இரண்டு கால்சியம் ஃப்ளூரைடு வட்டங்கள், நடுவில் ஓரத்தைச் சுற்றி மட்டும் எட்டு மைக்ரான் பாலிமர் வளையம், மேலே கீழே ஓ-ரிங், நான்கு திருகு போட்ட உலோகப் பிடி. கீழ் வட்டத்தில் செல்கள் வளர்ந்திருந்தன. ஊடகம் சிரிஞ்ச் பம்ப் மூலம் வந்தது. கடையில் வாங்கும் திரவ செல் எதைப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

குழாயைத் தூக்கிப் பார்த்தோம்

அமைடு 2 அசையவில்லை என்றதும் திருத்தம் செய்வதற்கு முந்தைய ஒவ்வொரு நிறமாலையிலும் 2125 பட்டையைத் தனித்தனியாகப் பார்த்தோம். தொடக்கத்தில் சுழிக்குக் கீழே இறங்கியிருந்த அது, மூன்று மணி நேரத்தில் மெதுவாக மேலே வந்திருந்தது. நீர் கூடிக்கொண்டே போயிருக்கிறது. செல் மெலிந்ததா, இடைவெளி அகன்றதா? செல்லே இல்லாத ஓர் இடத்தைப் பழைய பின்னணியோடு ஒப்பிட்டோம். அங்கேயும் அதே ஏற்றம்.

நான் வெப்பத்தைச் சந்தேகித்தேன். ஆனால் எட்டு மைக்ரான் பாலிமர் பதினைந்து டிகிரிக்கு விரிந்தாலும் பத்துப் பன்னிரண்டு நானோமீட்டருக்கு மேல் வராது. இன்னொருவர் திருகுகளைச் சந்தேகித்தார். கடைசியில் விடை கிடைத்தது தற்செயலாக. வெளியேறும் குழாயை வேறு புட்டிக்கு மாற்றுவதற்காக ஒருவர் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த நிறமாலையில் 1645 மேலே போனது. கீழே வைத்தார், இறங்கியது. மறுபடி தூக்கச் சொன்னோம். ஏறியது. அரை மீட்டர் உயரத்தில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு புரதத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார்!

கணக்குப் போட்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும் தாங்கப்பட்ட, 20 மி.மீ. அகலத்துக்கு நடுவே வெற்றாக இருக்கும் ஒரு மில்லிமீட்டர் கால்சியம் ஃப்ளூரைடு தட்டு, ஓரம் இறுகப் பிடித்திருந்தாலும் ஒரு பார் அழுத்தத்துக்கு நடுவில் இரண்டு மைக்ரானுக்கு மேல் வளையும். 80 நானோமீட்டருக்கு 35 செ.மீ. நீர்த்தம்பம் போதும். கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் படிகம், இந்த அளவீட்டுக்கு முன் ரப்பர்.

அழுத்தம் எங்கிருந்து வந்தது? சிரிஞ்ச் பம்ப் ஓட்டத்தை மாறாமல் வைத்திருக்கும், அழுத்தத்தை அல்ல. வெளிவழியில் செத்த செல்களின் துணுக்குகள் மெல்ல அடைத்திருந்தன; பம்ப் சளைக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தது; ஜன்னல் மெல்ல மெல்ல உப்பியது. மருந்தைச் செலுத்தத் தொடங்கிய நேரமும் அடைப்பு தொடங்கிய நேரமும் ஒத்துப்போனது இயல்புதான், மருந்துதான் சில செல்களைக் கொன்றது. சரியான கட்டுப்பாட்டுச் சோதனை செய்யாமல் இருந்திருந்தால் இது அச்சில் ஏறியிருக்கும்.

இரண்டாவது சிப்

தட்டின் வளைவு, தாங்கலுக்கு இடைப்பட்ட அகலத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அகலத்தை நான்கில் ஒன்றாக்கினால் வளைவு 256-இல் ஒன்றாகும். 20 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. அறை, அதைச் சுற்றி மீதி இடம் முழுக்கச் சுவர். ஜன்னலைத் தடிமனாக்கலாமே என்றால், ஏற்கெனவே 1000-க்குப் பக்கத்தில் இருட்டாகிற பொருளை இன்னும் தடித்ததாக்கினால் பாஸ்பேட் பட்டையும் போய்விடும். மெல்லியதாக்கி அந்தப் பட்டையைத் தெளிவாக்கலாம் என்றால், தடிமன் பாதியானால் வளைவு எட்டு மடங்காகும். அகலத்தில்தான் கைவைக்க முடியும்.

சுவரை எஸ்.யூ-8 என்ற ஃபோட்டோரெசிஸ்டால், அதாவது ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும் பாலிமரால், கட்டினோம். கால்சியம் ஃப்ளூரைடு மேல் ஒளிச்செதுக்கு முறையில் சிப் செய்து உயிருள்ள செல்களை அளக்கும் வழியை இத்தாலியின் ட்ரியெஸ்தேவில் உள்ள எலெட்ரா சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு மிகப் பிரகாசமான ஒளி எடுக்கும் நிலையம்) குழு 2010 வாக்கிலேயே விரிவாக எழுதியிருக்கிறது. படித்துவிட்டுச் செய்தும் எங்களுக்கு எல்லாப் பிழைகளும் ஒருமுறை வந்தன.

முதல் ஜன்னல் வெடித்தது. கால்சியம் ஃப்ளூரைடு சிலிக்கானைவிட ஏழு மடங்கு விரியும். 95 டிகிரி சூட்டுத்தட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த மேசையில் வைத்தால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் பிறகு சூடேற்றுவதும் ஆற்றுவதும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி என்று வைத்துக்கொண்டோம். அடுத்து, கால்வாய்களின் தரையில் மெல்லிய படலம் கரையாமல் நின்றது. ஜன்னல் புற ஊதாவைக் கடத்துவதால், ஒளி அடியிலிருந்த உலோகத் தட்டில் பட்டுத் திரும்பி வந்து, படக்கூடாத இடத்தையும் இறுக்கியிருந்தது. ஜன்னலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்ததும் தீர்ந்தது.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது ஓர விளிம்பு. ரெசிஸ்டைச் சுழற்றிப் பூசும்போது வட்டத்தின் விளிம்பில் அது தடித்துத் திரளும். பெரிய சிலிக்கான் தகட்டில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். 25 மி.மீ. வட்டத்தில் அந்தத் திரள் மேல்தான் மூடி உட்காரும்; நடுவில் எட்டு மைக்ரான் சுவர் மூடியைத் தொடவே தொடாது. சுவர் கட்டியும் முதல் சிப் போலவே நடந்துகொண்டதன் காரணம் இதுதான் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. விளிம்பில் மூன்று மி.மீ. அளவுக்குக் கரைப்பானால் துடைத்து எடுத்ததும் மூடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

இதைக் காட்டிக்கொடுத்தது சோடியம் விளக்கு. மூடிய வெற்றுச் சிப்பை அந்த மஞ்சள் ஒளியில் பார்த்தால் வளையங்கள் தெரியும். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குள் இடைவெளி சுமார் 295 நானோமீட்டர் மாறுகிறது என்று பொருள். முதல் சிப்பில் வளையங்களை எண்ணி முடிக்க முடியவில்லை. விளிம்பு துடைத்த சிப்பில், அறைக்குள் ஒரு வளையம்கூட முழுதாக இல்லை. அப்புறம் அகச்சிவப்பிலேயே வெற்றுச் சிப்பின் குறுக்கீட்டு அலைகளை அளந்தோம். எட்டு மைக்ரான் காற்றிடைவெளிக்கு அலைகள் 625 செ.மீ⁻¹ தூரத்தில் விழும். இடத்துக்கு இடம் இந்தத் தூரத்தைப் பார்த்தால் இடைவெளியின் வரைபடமே கிடைத்துவிடும்.

மூடியை நிரந்தரமாக ஒட்டவில்லை. ஒட்டினால் செல்களை உள்ளே மிதக்கவிட்டுத்தான் அனுப்பவேண்டும். மிதக்கும் செல் பத்து முதல் பதினைந்து மைக்ரான் உருண்டை, எட்டு மைக்ரான் சந்துக்குள் அது நசுங்கித்தான் நுழையும். அதனால் திறந்த அறையில் வளர்த்து, பிறகு மூடினோம். ஆனால் சுவர் மேல் ஒரே ஒரு செல் ஒட்டியிருந்தாலும் மூடியை அது தூக்கிவிடும். விதைக்கும்போது அறை மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டிய சிலிகோன் தாளை மேலே போர்த்தி வைத்தோம். மூடியை ஒரு பக்க விளிம்பை முதலில் வைத்து, கதவு சாத்துவதுபோல் மெதுவாக இறக்கவேண்டும். அவசரப்பட்டால் ஓரத்துக்குப் பாயும் நீர் செல்களை வாரிக்கொண்டு போகும்.

மூச்சு

கால்சியம் ஃப்ளூரைடும் எஸ்.யூ-8-உம் காற்றை உள்ளே விடா. காற்றைக் கடத்தும் பி.டி.எம்.எஸ். சிப்பில் பழகியவர்கள் இதை மறந்துவிடுவார்கள். 5 மி.மீ. சதுர அறையில், எட்டு மைக்ரான் உயரத்துக்கு, ஊடகம் 0.2 மைக்ரோலிட்டர்தான். அதில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 0.2 மில்லிமோல் என்று கொண்டால் மொத்தம் 40 பிக்கோமோல். ஒரு செல் வினாடிக்கு 30 அட்டோமோல் எடுக்கிறது என்று வைத்து, இரண்டாயிரம் செல் இருந்தால், ஓட்டம் நின்ற பதினோராவது நிமிடம் மூச்சு முட்டிவிடும். அறையின் பரப்பைப் பெரிதாக்கினாலும் செல்கள் அதே நெருக்கத்தில் இருந்தால் இந்த நேரம் மாறாது.

மணிக்கு 5 மைக்ரோலிட்டர் ஓட்டம் இருந்தால் அறையின் ஊடகம் இரண்டரை நிமிடத்துக்குள் புதிதாகும். இதற்கு அறைக்குள் தேவைப்படும் அழுத்த வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர் நீர்த்தம்பம். செல்லின் மேல் விழும் உராய்வு 0.02 பாஸ்கல், தமனிச் சுவரில் விழுவதில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. இவ்வளவு சின்ன வேலைக்குச் சிரிஞ்ச் பம்ப் எதற்கு? எடுத்துவிட்டோம். இரண்டு புட்டிகள், ஒன்று மற்றதைவிடச் சில செ.மீ. உயரத்தில். வழி அடைத்தாலும் ஓட்டம்தான் குறையும். அழுத்தம் புட்டியின் உயரத்தைத் தாண்டவே முடியாது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது, செலவும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு அறை இல்லாததால் ஊடகத்தில் ஹெப்பெஸ் சேர்த்து அமிலநிலையைக் காத்தோம். ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும், செத்த செல்லுக்கு மட்டும் நிறமேற்றும் புரோப்பிடியம் அயோடைடு விட்டு, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று ஜன்னல் வழியாகவே எண்ணினோம்.

அளக்கும் முறையும் மாறியது. செல்லுக்கு ஒரு நிறமாலை, உடனே அதே அறையில் செல் இல்லாத இடத்தில் ஒரு பின்னணி, ஒவ்வொரு ஜோடிக்கும் 2125-ஐ வைத்துத் தனித் திருத்தம். நீரின் பட்டை வெப்பத்தோடு சற்று நகரும் என்பதால் பிடியின் வெப்பநிலையை 37 டிகிரியில் இறுக்கிப் பிடித்தோம். இந்த முறையில் அதே மருந்தை மறுபடி கொடுத்தபோது அமைடு 1-உம் 2-உம் தோளோடு தோள் நின்றன. மூன்று மணி நேரப் புரத ஏற்றம் காணவில்லை. படம் வரைந்தவர் கோப்பை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இன்னும் தீராதது

செல் பிரியும்போது உருண்டு திரளும். உயரம் பதினைந்து மைக்ரானைத் தொடும். எங்கள் அறையில் அதற்கு இடமில்லை. பிரிவை நெருங்கும் செல்கள் கூரையில் முட்டி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். ஆகவே ஒரு செல் சுழற்சியைத் தாண்டி ஓடும் எந்தச் சோதனையையும் இந்தச் சிப்பில் நம்பமாட்டேன். 12 மைக்ரான் சுவரோடு ஒன்று தயாராகிறது. அதில் 1645-இல் கடக்கும் ஒளி மூன்றில் ஒரு பங்காகிவிடும். எங்கள் ஆய்வுக்கூட விளக்கில் 50 மைக்ரான் சதுரத்தில் சில செல்களைச் சேர்த்து அளந்தால் ஒருவேளை தாங்கும். ஒற்றைச் செல்லை 10 மைக்ரான் துளை வழியாகப் பார்க்க வேண்டுமானால், விளக்கைவிட நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமான சிங்க்ரோட்ரான் ஒளிதான் வழி. அகச்சிவப்பு ஃபோட்டானுக்குப் பிணைப்பை உடைக்கும் வலு இல்லை என்பதால் செல்லுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை.

இப்போது எந்தச் சிப்பை மூடினாலும், செல்லைப் பார்ப்பதற்கு முன் வெளியேறும் குழாயை ஒருவர் 40 செ.மீ. தூக்கிப் பிடிக்கிறார், இன்னொருவர் 1645-ஐப் பார்க்கிறார். பட்டை அசைந்தால் மூடியைத் திறந்து சுவரைத் துடைக்கிறோம்.